முதுகுளத்தூர் ஒத்திகை: ரெண்டு நாள் சைக்கிள், ஒரு ராத்திரி டென்ட்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த மாசக் கடைசியில நானும் என் நண்பனும் ஒரு பெரிய சைக்கிள் பயணம் போறோம். மதுரையிலிருந்து தனுஷ்கோடி, அங்கிருந்து கடலோரமாவே கன்னியாகுமரி, திரும்ப மதுரை. எழுநூறு கிலோமீட்டருக்கு மேல வரும். பத்து நாள். லாட்ஜ் கிடையாது, டென்ட்தான்.

இப்படிப் போறவங்க எல்லாருமே சொல்ற ஒரு அறிவுரை இருக்கு. பெரிய பயணத்துக்கு முன்னாடி, மொத்த பாரத்தையும் ஏத்திக்கிட்டு, ஒரே ஒரு ராத்திரி வெளியில தங்கிட்டு வாங்க. எது உடையுது, எது தேவையில்ல, எதை மறந்தோம்னு அந்த ஒரு ராத்திரியே சொல்லிடும். அதுக்கு நான் தேர்ந்தெடுத்த இடம் முதுகுளத்தூர். ஏன்னு கேட்டா, மேடு இல்ல, லாரி கம்மி, பிப்ரவரியில கண்மாய்கள்ல தண்ணி கிடக்கும்னு நண்பன்கிட்ட சொன்னேன். உண்மையான காரணம் வேற. அதுக்கு அப்புறம் வர்றேன்.

மதுரையிலிருந்து ஒரு தோஸ்த்தோட டாடா ஏஸ்ல சைக்கிளைப் போட்டு பரமக்குடியில இறங்கினோம். காலையில ஆறரை. என் சைக்கிள்ல 21 கிலோ பாரம். வீட்டுத் தராசுல பெருமையா எடை போட்டுப் பார்த்திருந்தேன். டென்ட், தூங்குற பை, கேஸ் அடுப்பு, டைட்டானியம் பாத்திரம், ரெண்டு ஜெர்சி, மழைக்கோட்டு, செருப்பு தனியா, ரெண்டு கிலோ அரிசி. தண்ணி மட்டும் மூணு லிட்டர்.

பரமக்குடியில நாங்க நின்ன ரோடே ஒரு பழைய பாதை. மதுரை, திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், மண்டபம்னு ராமேஸ்வரம் போற சேது பாதை. காசியிலிருந்துகூட இதுல நடந்தே வந்திருக்காங்க. இந்தப் பாதையைக் காக்குறதும், கடல் தாண்டி தீவுக்குப் போக வழி பண்ணித் தர்றதும்தான் சேதுபதிகளோட வேலை. அவங்க பேரே அதுலதான் இருக்கு. வழி நெடுக சத்திரம், மடம், ஊரணி. வடக்க தஞ்சாவூர்லிருந்து வர்ற இன்னொரு பாதையில மராத்திய ராஜாக்கள் கட்டின சத்திரங்கள். நடக்குறவனுக்கு என்ன வேணும்? தண்ணி, சோறு, ராத்திரி தலைசாய்க்க ஒரு திண்ணை. மூணும் இருந்தா பாதை, இல்லாட்டி அது வெறும் பொட்டல்.

1801-ல் தஞ்சாவூர் சரபோஜி ராஜா கம்பெனிக்காரங்களுக்கு ஒரு கடிதம் எழுதறார். ராஜ்யத்தை எடுத்துக்கிட்டீங்க, சத்திரங்களை மட்டும் என்கிட்ட விட்டுடுங்கங்கிற மாதிரி ஒரு மன்றாட்டு. அதுல சத்திரம் எப்படி நடக்குதுன்னு விவரிக்கிறார். எந்தச் சாதி வழிப்போக்கனா இருந்தாலும் சோறு உண்டு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வாங்கன்னு கூப்பிடுவாங்க. இந்தப் பன்னிரண்டு மணி விஷயம் படிச்சப்போ எனக்குச் சிலிர்த்துச்சு. ஆனா அதே கடிதத்துல இன்னொரு வரியும் இருக்கு: ஆக்கின சோறு வேண்டாம்ங்கிறவங்களுக்கு அரிசியும் சாமானும் தனியா கொடுப்பாங்க. அடுத்தவன் சமைச்சதைத் தொடாதவனுக்கும் அங்க ஏற்பாடு இருந்துச்சு.

1902-ல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் வந்துச்சு. 1914-ல் பாம்பன் பாலம் திறந்தாச்சு. ஒரே ராத்திரியில போய்ச் சேர முடிஞ்ச பிறகு, நடந்து போறவனுக்குக் கட்டின சத்திரத்துக்கு என்ன வேலை? கொஞ்சம் கொஞ்சமா இடிஞ்சது, ஆபீஸ் ஆச்சு, ஹாஸ்டல் ஆச்சு. நாம இப்ப டென்ட் தூக்கிட்டு அலையுறதுக்கு ஒரு வகையில காரணம் அந்த ரயில்தான்னு நண்பன்கிட்ட சொன்னேன். அவன் ஹெட்போனைக் கழட்டவே இல்ல.

பரமக்குடியிலிருந்து தெற்க முதுகுளத்தூருக்கு சுமார் 25 கிலோமீட்டர். ரெண்டு பக்கமும் சீமைக் கருவேலம். எட்டாவது கிலோமீட்டர்லயே எனக்கு ஹேண்டில் ஆட ஆரம்பிச்சுது. பின்னாடி பை ஒரு பக்கமா சரியுது, நான் இன்னொரு பக்கமா சாய்றேன். ஓரமா ஒதுங்கி கருவேல நிழல்ல நிறுத்தினேன். அது ரெண்டாவது தப்பு. கருவேல முள்ளு டயரைத் துளைச்சு டியூபுக்குள்ள போயிடும். ரெண்டு சக்கரமும் பஞ்சர்.

அந்த நேரம் பார்த்து பனங்கிழங்குக் கட்டுகளை மலை மாதிரி ஏத்திக்கிட்டு ஒரு பெரியவர் பழைய சைக்கிள்ல வந்தார். சாயல்குடி பக்கமிருந்து வந்த கிழங்கு. நான் முள்ளைத் தேடிட்டிருந்தப்போ அவர் என் பையைத்தான் பார்த்துட்டிருந்தார்.

"பாரம் பூராத்தையும் பின்னாடி தள்ளிக் கட்டியிருக்கீகளே தம்பி. அப்படிக் கட்டுனா முன்சக்கரம் தூக்கிக்கிரும். கனமானதைக் கீழ, சீட்டை ஒட்டிக் கட்டணும்."

அவரோட கட்டு எதுலன்னு பார்த்தேன். பழைய டியூபைக் கிழிச்ச ரப்பர் நாடா. என் பையோட கொக்கி ஆயிரக்கணக்குல விலை. அவர் ஒரு நாடாவைக் கழட்டி, அரிசியையும் அடுப்பையும் கீழ இறக்கி, இழுத்துக் கட்டிக் கொடுத்தார். ரெண்டு நாளும் அது அசையவே இல்ல. காசு வாங்கல. ரெண்டு கட்டு கிழங்கு வாங்கினோம், பாரம் இன்னும் ஒரு கிலோ கூடிருச்சு.

சைக்கிள் பயண வரலாறுன்னு தேடினா, 1880-கள்ல உலகம் சுத்தின தாமஸ் ஸ்டீவன்ஸ் வருவார். 1923-ல் பம்பாயிலிருந்து கிளம்பி, அஞ்சு வருஷம் கழிச்சுத் திரும்பின பார்சி இளைஞர்கள் வருவாங்க. பெரிய ஆளுங்கதான், மறுக்கல. ஆனா தமிழ்நாட்டுல பாரம் ஏத்தின சைக்கிளோட வரலாறு இந்தக் கிழங்குக்காரர் வரலாறுதான். 1949-ல் அம்பத்தூர்ல டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கின பிறகு பால், மீன், உப்பு, கோலப்பொடி எல்லாமே கேரியர்ல ஊர் ஊரா போச்சு. 1990-களோட தொடக்கத்துல பக்கத்துப் புதுக்கோட்டையில, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. கல்குவாரிக்குப் போற பெண், தண்ணிக்குப் போற பெண், எல்லாரும். அப்போ அதைக் கிண்டல் பண்ணினவங்க நிறைய பேர். ஒரு பெண் யாரையும் கேக்காம ஊர் எல்லையைத் தாண்டுறா. கிண்டலுக்குக் காரணம் அதுதான்.

முதுகுளத்தூர் வந்து சேர்ந்தப்போ பத்தரை மணி. மூணு லிட்டர் தண்ணி காலி. ராமநாதபுரம் ஜில்லாவை 'தண்ணியில்லாக் காடு'ன்னு சொல்ற பழக்கம் நம்ம எல்லாருக்கும் தெரியும். ஆனா இந்த நிலத்தைப் பார்த்தா, மழைத் தண்ணிக்காக மனுஷன் செதுக்கி வச்ச மாதிரி இருக்கும். வரத்துக்கால், கண்மாய், மடை, கலுங்கு, அடுத்த கண்மாய். கமுதி பக்கம் குண்டாத்துல இருந்து பிரிச்சு, முதுகுளத்தூர் வழியா சேதுபதிகள் காலத்துல ஒரு கால்வாய் வெட்டினாங்க. அதுக்கு வச்ச பேரு ரகுநாத காவிரி. காவிரி இல்லாத ஊர்ல ஒரு காவிரி! இன்னைக்கு டீக்கடையில எங்களுக்குக் கொடுத்த தண்ணி நிஜமாவே காவிரி. திருச்சி பக்கத்துல எடுத்துக் குழாயில வருது. வராத நாள்ல தள்ளுவண்டியில பிளாஸ்டிக் குடத்தை அடுக்கிக்கிட்டுப் பெண்கள் நடக்குறாங்க. அந்த வண்டி இல்லாத தெருவை நான் ரெண்டு நாள்ல பார்க்கல.

முதுகுளத்தூர்னு கூகுள் பண்ணா முதல்ல வர்றது 1957. பயணம் போறவங்களுக்கு அது வெறும் பழைய கதை இல்ல, அதனால சொல்லிடறேன். அந்த வருஷம் ஜூலையில இந்தத் தொகுதிக்கு இடைத்தேர்தல். அதுக்கப்புறம் கலவரம். செப்டம்பர் 10-ஆம் தேதி இதே ஊர்ல கலெக்டர் ஒரு சமாதானக் கூட்டம் நடத்தினார். முத்துராமலிங்கத் தேவரும் வந்தார், இம்மானுவேல் சேகரனும் வந்தார். மறுநாள் ராத்திரி பரமக்குடியில இம்மானுவேல் சேகரனைக் கொன்னுட்டாங்க. 14-ஆம் தேதி கீழத்தூவல்ல போலீஸ் அஞ்சு பேரைச் சுட்டுக் கொன்னுச்சு. அதுக்கப்புறமும் பல ஊர்கள் எரிஞ்சுது. பேராசிரியர் கா.அ. மணிக்குமார் இதைப் பத்தி தனியா ஒரு புத்தகமே எழுதியிருக்கார். செப்டம்பர் 11-ஐயும் அக்டோபர் 30-ஐயும் ஒட்டின நாள்கள்ல இன்னைக்கும் இந்தப் பக்கம் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும், வழி நெடுக போலீஸ் நிக்கும். அந்த நாள்கள்ல பயணம் வைக்காதீங்க.

இம்மானுவேல் சேகரன் 1924-ல் பிறந்த ஊர் முதுகுளத்தூர் பக்கத்துல இருக்கிற செல்லூர். இந்தப் பேரை ஞாபகம் வச்சுக்கோங்க.

மத்தியானம் வெயில்ல பஸ் ஸ்டாப் நிழல்ல கிடந்துட்டு, சாயங்காலம் சித்திரங்குடிப் பக்கம் மிதிச்சோம். சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் பறவைகள் சரணாலயம். 2022-ல் ராம்சார் பட்டியல்ல சேர்ந்ததா அறிவிச்சாங்க. ரெண்டுமே அடிப்படையில கண்மாய்தான். கூழைக்கடா தலைக்கு மேல இறங்கும்போது ஒரு ஏரோபிளேன் தரையிறங்குற தோரணை. இந்தச் சித்திரங்குடிக்கு இன்னொரு பெருமையும் இருக்கு. 1795-ல் கம்பெனி ராமநாதபுரம் சேதுபதியைப் பதவியிலிருந்து இறக்கிச்சு. 1799-ல் முதுகுளத்தூர் கச்சேரியைத் தாக்கின கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கின மயிலப்பன் சேர்வைக்காரர் இந்த ஊர்க்காரர். பிறகு மருது சகோதரர்களோட சேர்ந்தார், 1802-ல் தூக்குல போட்டாங்க. கட்டபொம்மனைத் தெரிஞ்ச அளவுக்கு நமக்கு இவரைத் தெரியாது.

சரணாலயத்துல டென்ட் போடக் கூடாது, போடவும் இல்ல. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கிராமத்தோரத்துல சிமெண்ட் களம். பாதிக் களத்துல மிளகாய் காயுது. குண்டு குண்டா இருக்கிற முண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கினது. களத்துக்காரர்கிட்ட, அறுபது வயசிருக்கும், மீதிப் பாதியில ராத்திரி தங்கிக்கலாமான்னு கேட்டோம்.

"எந்தூரு தம்பி?"

"மதுரைங்கய்யா."

"மதுரையில எங்கிட்டு?"

"செல்லூர்."

அவர் ஒரு நொடி என்னை மேலயும் கீழயும் பார்த்தார். "எந்தச் செல்லூரு?"

மதுரையில வைகைக்கு வடக்க இருக்கிற செல்லூர்லதான் நான் வளர்ந்தேன். அதைச் சொன்னேன். "வைகைக் கரை செல்லூருங்கய்யா." அவர் முகத்துல ஒண்ணும் மாறல. "சரி, மிளகாயை மிதிக்காம போட்டுக்கங்க"ன்னு சொல்லிட்டுப் போனார். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. உடனே அந்த அப்பாடா மேலயே எரிச்சலும் வந்துச்சு.

ஏன்னா, நான் அங்க வந்த உண்மையான காரணம் என் தாத்தா. அவரோட ஊர் அங்கிருந்து மிஞ்சிப்போனா பதினஞ்சு கிலோமீட்டர். ஊர்ப் பேரைச் சொல்ல வேண்டாம்னு அம்மா சொல்லியிருக்காங்க. தாத்தாவுக்கு மதுரையில மில் வேலை. ஒரு சென் ராலே சைக்கிள் வச்சிருந்தார். பொங்கல், தீபாவளிக்கு ராத்திரியோட ராத்திரியா ஊருக்கு மிதிச்சே போவாராம். கேரியர்ல பட்சணம், துணி, பாட்டிக்குப் பாத்திரம். ஊர் எல்லைக்கு வந்ததும் இறங்கிடுவார். பெரிய தெரு முழுக்க உருட்டிக்கிட்டே போய், கடைசியில எங்க தெரு முனையில மறுபடி ஏறுவார். கேட்டா 'கால் வலிக்கு நடக்குறேன்'னு சொல்வாராம். அம்மாவுக்குப் பத்து வயசு வரைக்கும் தாத்தாவுக்குக் கால் வலின்னே நம்பியிருக்காங்க.

தென் மாவட்டங்கள்ல பல ஊர்கள்ல தலித் மக்கள் ஊர்த்தெருவுல சைக்கிள் ஏறிப் போகக் கூடாதுங்கிற கட்டுப்பாடு இருந்ததைப் பல ஆய்வுகள் பதிவு பண்ணியிருக்கு. அதோட வேர் இன்னும் பின்னாடி போகும். 1931 சென்சஸ் கமிஷனரா இருந்த ஜே.எச். ஹட்டன் எழுதியிருக்கார்: 1930-ல் அப்போதைய ராமநாதபுரம் ஜில்லாவுல ஆதிதிராவிடர்கள் மேல ஆதிக்க சாதியினர் எட்டுத் தடைகள் போட்டாங்க. தங்கம், வெள்ளி நகை கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழ வரக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேற பாத்திரம் கூடாது. பெண்கள் மேல்துணி போடவோ பூ, மஞ்சள் வைக்கவோ கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது.

ராத்திரி டார்ச் வெளிச்சத்துல என் சாமான் பட்டியலை எடுத்து ஒவ்வொண்ணா டிக் அடிக்கிறேன். ஒத்திகைன்னா அதைத்தான் செய்யணும். எது வேணும், எது வேண்டாம். ஜெர்சி ரெண்டு. மழைக்கோட்டு. செருப்பு. டைட்டானியம் பாத்திரம். அந்த எட்டுல இருந்த சாமான்தான் என் பையில பாதி. தாத்தா கேரியர்ல பாட்டிக்குப் பாத்திரம் வாங்கிட்டுப் போனதை அம்மா ஏன் ஒவ்வொரு தடவையும் மறக்காம சொல்வாங்கன்னு எனக்கு அந்தக் களத்துலதான் உறைச்சுது.

டென்ட் கதைக்கு வர்றேன். சிமெண்ட் தரையில ஆணி இறங்காது. எங்க டென்ட் ஆணி அடிச்சாத்தான் நிக்கும். நாலு மூலைக்கும் செங்கல் வச்சுக் கயிறைக் கட்டினோம். பாடம்: தானா நிக்கிற டென்ட்டா வாங்குங்க. காத்து எங்க பக்கம் திரும்பினதும் மிளகாய் நெடி. டென்ட்டுக்குள்ள ரெண்டு பேரும் மாத்தி மாத்தித் தும்மல். கேஸ் அடுப்பு அந்தக் காத்துக்கு நிக்கல. அரிசி பாதி வெந்து நின்னுபோச்சு.

எட்டு மணிக்கு டார்ச் அடிச்சுக்கிட்டு ஒரு பாட்டி வந்தாங்க. களத்துக்காரரோட அம்மா. "தும்முற சத்தம் வீடு வரைக்கும் கேக்குது. அந்த அரிசியை நாய்க்குப் போடுங்க"ன்னு சொல்லி சோறும் கருவாட்டுக் குழம்பும் வச்சாங்க.

நான் தட்டைப் பார்த்தேன். பார்க்காம இருக்க முடியல. எவர்சில்வர் தட்டு, வீட்டுத் தட்டு. மதுரைச் செல்லூர்னு சொன்னதால வந்த தட்டா, எந்தச் செல்லூர்னு சொல்லியிருந்தாலும் வந்திருக்குமான்னு எனக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல. நண்பன் மூணு தடவை சோறு வாங்கினான். "அப்பத்தா, குழம்பு செம"ன்னு அவன் சொன்னதும், "சட்டியில இன்னும் கெடக்கு"ன்னு திரும்பவும் போனாங்க. நானும் சாப்பிட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. தட்டைக் கழுவி வைக்கப் போனப்போ "வச்சிட்டுப் போ தம்பி"ன்னு கையிலிருந்து பிடுங்கிட்டாங்க.

நாலு மணிக்கு மயில்கள் கத்த ஆரம்பிச்சுது. அதுக்கப்புறம் தூக்கம் இல்ல.

ரெண்டாவது நாள் திட்டம் தேரிருவேலி, உத்தரகோசமங்கை வழியா ராமநாதபுரம். நண்பன்கிட்ட ஒரு சின்ன சுத்து இருக்குன்னு மட்டும் சொன்னேன். ஏழரை மணிக்கு தாத்தா ஊர் எல்லை. பெரிய தெரு இப்போ சிமெண்ட் ரோடு. ரெண்டு பக்கமும் மாடி வீடுகள், டிஷ் ஆன்டெனா. ஏறியே போகணும்னுதான் வந்தேன். தெருவுக்குள்ள திரும்பினா, ரோட்டு நடுவுல வீட்டுக்கு வீடு மிளகாய் காயப்போட்டிருக்கு. ஒரு ஓரத்துல ஒண்ணரை அடி வழி. 22 கிலோ பாரத்தோட அதுல போனா நிச்சயம் மிளகாய்ல ஏறிடுவேன்.

இறங்கினேன். இறங்கி ரெண்டு எட்டு உருட்டினதும் நான் என்ன செய்றேன்னு எனக்கே உறைச்சு நின்னுட்டேன்.

திண்ணையில உக்காந்து காம்பு கிள்ளிட்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தாங்க. "எதுக்கு எறங்கிட்ட? ஏறிப் போ, தம்பி. நாலு பழம் நசுங்குனா என்ன?"

நான் யார், எந்தத் தெருன்னு அவங்களுக்குத் தெரியாது. ஏறினேன். நாலு இல்ல, ஒரு பத்து நசுங்கியிருக்கும். தெரு முனை வரைக்கும் பின்னாடி டயர்ல விதை ஒட்டிட்டு வந்துச்சு. எங்க தெரு முனையில ஒரு அடிபம்பு இருக்கு, உப்புத் தண்ணி. அங்க நின்னு அம்மாவுக்குப் போன் பண்ணேன். எடுத்ததும் 'சாப்பிட்டியா'ன்னு கேட்டாங்க. எங்க நிக்கிறேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அங்க வேப்பமரம் இருக்கா"ன்னு கேட்டாங்க. இருந்துச்சு. போட்டோ அனுப்பினேன்.

ராமநாதபுரம் வந்தப்போ மத்தியானம் ஒரு மணி. ரெண்டு நாள்ல நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. இப்போ பட்டியல் திருத்தியாச்சு. அடுப்பு, அரிசி, ரெண்டாவது ஜெர்சி, பெரிய பவர்பேங்க் எல்லாம் வீட்டுலயே இருக்கும். தண்ணி மூணு லிட்டரை ஆறாக்கியாச்சு. பஞ்சர் கிட் ரெண்டு, முள்ளு பிடுங்க ஒரு சின்னக் குறடு. பழைய டியூப் கிழிச்சு எட்டு நாடா. மொத்தம், தண்ணி இல்லாம 13 கிலோ. டைட்டானியம் பாத்திரத்தை எடுத்துடலாம்னு நண்பன் சொல்றான், அடுப்பே இல்லாதப்போ எதுக்குன்னு. அது மட்டும் இருக்கட்டும்னு சொல்லிட்டேன். தனுஷ்கோடியிலிருந்து அடுத்த எபிசோடுல பேசறேன்.